போகிப் புகையும் நுரையீரல் நலனும்: வேளச்சேரி மக்களுக்கான விளக்கம்

முக்கியச் செய்திகள்

• போகியன்று விடியற்காலையில் எழும் புகை சில மணி நேரமே நீடித்தாலும், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்களுக்கு அதுவே ஆபத்தாக முடியலாம்.
• டயர், பிளாஸ்டிக், ரெக்சின், நுரை மெத்தை, மின்கம்பி, வண்ணம் பூசிய மரம் ஆகியவற்றை ஒருபோதும் எரிக்கக் கூடாது.
• கைப்பேசியில் காணும் காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரியாகும். அதிகாலையின் உண்மை நிலையை அது உடனே காட்டாது.
• நோயாளிகள் உள்ள வீடுகளில் மருந்தும் இன்ஹேலரும் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும்.
• மூச்சுத் திணறல் அதிகமானால் 108 எண்ணை உடனே அழைக்கவும்.

போகியும் அதன் மாற்றமும்

மார்கழி மாதத்தின் இறுதி நாள் போகிப் பண்டிகையாகக் கொண்டாடப்படுகிறது. மறுநாள் தைப்பொங்கல். அறுவடைக்குப் பின் வீட்டைத் துப்புரவு செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பயன்பாட்டிற்கு உதவாத பழைய பொருள்களை அகற்றிப் புத்தாண்டின் விளைச்சலை வரவேற்பது இந்நாளின் நோக்கமாகும். முன்னர் ஒரு வீட்டிலிருந்து கழிக்கப்பட்டவை கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், பிய்ந்த முறம், பனையோலைப் பெட்டி, நைந்த பருத்தித் துணி போன்றவையே. அனைத்தும் செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தவை, அளவிலும் சிறியவை.

இன்று நம் வீடுகளில் உள்ள பொருள்கள் மாறிவிட்டன. கோரைப்பாயின் இடத்தில் பிளாஸ்டிக் பாய் உள்ளது. பஞ்சு மெத்தைக்குப் பதில் நுரை மெத்தை வந்துள்ளது. பருத்தித் துணியுடன் பாலியெஸ்டர் கலந்துள்ளது. இவற்றோடு, நெருப்பு நீண்ட நேரம் எரிய வேண்டும் என்பதற்காகப் பழைய டயர்களையும் சிறுவர்கள் உருட்டி வருகின்றனர். வழக்கம் அதேதான், ஆனால் நெருப்பில் விழும் பொருள் வேறு. எனவே புகையும் வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பண்டிகையைக் கைவிடும்படி எவரையும் இது கேட்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து புறநோயாளர் பிரிவு திறக்கும் நாளில் இருமலும் இழைப்புமாக வருவோரிடம், போகியன்று புகை பட்டதா என்று மருத்துவர்கள் கேட்பது வழக்கம். பெரும்பாலும் கிடைக்கும் விடை, "நாங்கள் எதையும் எரிக்கவில்லையே" என்பதாகும். அவர்கள் கூறுவது உண்மை. ஒரு வீட்டு வாசலில் மூட்டப்படும் தீயின் புகை, மூட்டியவரின் நுரையீரலோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டின் கைக்குழந்தையையும் மேல்தளத்தில் இருக்கும் முதியவரையும் அது சென்றடைகிறது. போகிப் புகையைப் பற்றி நாம் நினைவில் கொள்ள வேண்டிய முதன்மையான உண்மை இதுவே.

அதிகாலைப் புகை ஏன் கலைவதில்லை?

போகி நெருப்பு பெரும்பாலும் பொழுது விடியும் முன்னர் மூட்டப்படுகிறது. காற்றின் இயல்பை நோக்கினால், ஒரு நாளில் புகை போட மிகவும் பொருந்தாத நேரம் இதுவே.

சனவரி மாத இரவுகளில் வானம் தெளிந்திருக்கும். காற்று வேகம் குறைந்திருக்கும். நிலம் விரைவாகக் குளிர்வதால், அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்குகிறது. அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாக இருக்கும். இவ்வெப்பக் காற்று, பாத்திரத்திற்கு மூடி போட்டது போல, கீழுள்ள காற்றை மேலெழவிடாமல் தடுக்கிறது. பகலில் வானில் கலந்து மறையும் புகை, இந்நேரத்தில் வீடுகளின் உயரத்திலேயே தேங்கி நிற்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் புகைத்துகள்களின் மேல் நீர் படிந்து பனிமூட்டம் மேலும் அடர்த்தியாகிறது. கதிரவன் எழுந்து நிலம் சூடேறிய பின்னரே இம்மூடி விலகும். கடற்காற்று நகருக்குள் வருவது அதற்கும் பின்னரே.

வேளச்சேரியின் அமைப்பையும் இதனுடன் சேர்த்துக் கருத வேண்டும். வடக்கே கிண்டி தேசியப் பூங்காவும் ஐ.ஐ.டி. வளாகமும், தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் உள்ள தாழ்வான பகுதி இது. ஏரியும் சதுப்பும் அருகிலிருப்பதால் காற்றில் ஈரம் மிகுதி. பல தளக் குடியிருப்புகளுக்கு நடுவே செல்லும் குறுகிய தெருக்களில் புகை எளிதில் வெளியேறாது. மேல்தளத்தில் வசிப்பதால் புகை எட்டாது என்று எண்ணுவதும் தவறாகும்.

2018ஆம் ஆண்டு சனவரி 13 அன்று, போகியின் காலையில், பனியும் புகையும் ஒன்றாகக் கலந்து பார்வைத் தொலைவு மிகவும் குறைந்ததால் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. பல விமானங்கள் தாமதமாயின. சில வேறு நகரங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. ஓடுபாதையை மறைத்த அதே காற்றைத்தான் அந்த நேரத்தில் சுற்றுப்புறத்துத் தெருக்களில் மக்கள் சுவாசித்தனர்.

புகையில் என்ன உள்ளது?

எந்தப் பொருள் எரிந்தாலும் நுண்துகள்கள் உண்டாகும். இவற்றில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ளவை பி.எம். 2.5 எனப்படும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்பதை ஒப்பிட்டால் இவற்றின் சிறுமை விளங்கும். மூக்கு மயிரும் சளிப்படலமும் பெரிய தூசியைத் தடுத்துவிடும். நுண்துகள்களோ மூச்சுச் சிற்றறைகள் வரை சென்று படிகின்றன; மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிப்புறக் காற்று மாசையும் அதிலுள்ள துகள்களையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என 2013ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது.

எரிக்கப்படும் பொருளைப் பொறுத்து வேறு நச்சுகளும் சேர்கின்றன.

• டயர், டியூப்: கரும்புகையுடன் கந்தக டை ஆக்சைடு, பென்சீன், பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் ஆகியவை வெளியாகும். கந்தக டை ஆக்சைடு ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் சுருங்கச் செய்யும்.
• பி.வி.சி. குழாய், ரெக்சின், மின்கம்பியின் மேலுறை: ஹைட்ரஜன் குளோரைடு வாயு கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். குறைந்த வெப்பத்தில் இவை புகைந்து எரியும்போது டையாக்சின் என்னும் நச்சும் உருவாகிறது. அது எளிதில் சிதையாது. மண்ணில் தங்கி உணவின் வழியே உடலின் கொழுப்பில் சேரும்.
• நுரை மெத்தை, சோபா நுரை: கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளியாகும். இரண்டும் உடலுக்கு ஆக்சிஜன் பயன்படுவதைத் தடுப்பவை.
• வண்ணம் பூசிய பழைய கதவு, சன்னல் சட்டம்: வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கலாம். புகையிலும் சாம்பலிலும் சேரும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.
• பாய், துடைப்பம், பருத்தித் துணி, காய்ந்த ஓலை: மேற்கூறிய நச்சுகள் இவற்றில் மிகக் குறைவு. ஆயினும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் இவற்றிலிருந்தும் வெளியாகும். "இயற்கைப் பொருள்தானே" என்று குவித்து எரிப்பதும் பாதுகாப்பானதன்று.

காற்றுத் தரக் குறியீட்டை எவ்வாறு படிப்பது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் ஒன்று வேளச்சேரி குடியிருப்புப் பகுதியில் உள்ளது. அதன் அளவீடுகளை வாரியத்தின் இணையதளத்திலும் "சமீர்" என்னும் கைப்பேசிச் செயலியிலும் எவரும் காணலாம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் போகியையொட்டிச் சென்னையில் காற்றின் தரத்தை அளந்து முடிவுகளை வெளியிடுகிறது.

இந்தியத் தரநிலையின்படி பி.எம். 2.5 நுண்துகளின் 24 மணி நேரச் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் பரிந்துரைத்த அளவு 15 மைக்ரோகிராம். 2015ஆம் ஆண்டு அறிமுகமான தேசியக் காற்றுத் தரக் குறியீடு 0 முதல் 500 வரை ஆறு நிலைகளைக் கொண்டது: நல்லது, திருப்திகரமானது, மிதமானது, மோசமானது, மிக மோசமானது, கடுமையானது.

நுண்துகளைப் பொறுத்தவரை இக்குறியீடு கடந்த 24 மணி நேரத்தின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. போகியன்று இதனால் ஒரு குழப்பம் நேர்கிறது. கீழ்க்காணும் கணக்கு விளக்கத்திற்காக மட்டும் தரப்படுகிறது; எந்த ஆண்டின் அளவீடும் அன்று.

ஒரு தெருவில் வழக்கமான நுண்துகள் அளவு 40 மைக்ரோகிராம் எனக் கொள்வோம். போகியன்று அதிகாலை 3 மணி முதல் 7 மணி வரை அது 400 ஆக உயர்கிறது. காலை 6 மணிக்கு, மூன்று மணி நேரப் புகைக்குப் பின்னும், 24 மணி நேரச் சராசரி 85 மட்டுமே. குறியீடு "மிதமானது" என்றே காட்டும். ஆனால் அந்நேரத்தில் நீங்கள் சுவாசிக்கும் காற்று "கடுமையானது" என்னும் நிலைக்குரிய 250 மைக்ரோகிராம் எல்லையையும் தாண்டியதாகும். நான்கு மணி நேரமும் முடிந்த பின்னர்ச் சராசரி 100 ஆகிக் குறியீடு "மோசமானது" என மாறும். அப்போது புகை கலையத் தொடங்கியிருக்கும்.

இதனை வேறொரு வகையிலும் பார்க்கலாம். ஓய்வில் இருக்கும் பெரியவர் மணிக்கு ஏறத்தாழ அரை கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். 60 மைக்ரோகிராம் அளவுள்ள காற்றில் ஒரு முழு நாளும் இருப்பவர் உள்ளிழுப்பது 720 மைக்ரோகிராம். மேற்கூறிய நான்கு மணி நேரத்தில் மட்டும் உள்ளிழுப்பது 800 மைக்ரோகிராம். ஒரு நாளுக்கான எல்லை, காலைச் சிற்றுண்டிக்கு முன்னரே கடந்துவிடுகிறது.

எனவே போகிக் காலையில் குறியீட்டை மட்டும் நம்பாமல், நிலையத்தின் மணி நேர அளவீட்டைப் பாருங்கள். அதைவிடவும் முக்கியமானது உங்கள் கண்ணும் மூக்கும். தெருமுனை விளக்கைச் சுற்றி மங்கல் தெரிந்தால், தொண்டையில் கரகரப்பு உண்டானால், நிலையத்தின் எண் எதுவாயினும் உங்கள் தெருவின் காற்று கெட்டுள்ளது என்றே கொள்ள வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

• ஆஸ்துமா நோயாளிகள்: மூச்சுக்குழாய் சுருங்கி, திடீர் இழைப்பு ஏற்படும். பல மாதங்களாக நோய் கட்டுக்குள் இருந்தவர்களுக்கும் இது நேரலாம்.
• சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள்: புகைபிடித்தவர்களும், பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்த பெண்களும் இதில் அடங்குவர். ஒருமுறை நோய் முற்றினால் நுரையீரல் பழைய திறனுக்குத் திரும்பாமல் போகலாம்.
• இதய நோய் உள்ளவர்கள்: நுண்துகள் இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்கி, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். காற்று மாசு உயரும் நாள்களில் மாரடைப்பின் ஆபத்தும் உயர்கிறது.
• கைக்குழந்தைகளும் சிறுவர்களும்: உடல் எடையுடன் ஒப்பிடும்போது பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கின்றனர். நெருப்பைச் சுற்றி நின்று மேளம் கொட்டுபவர்களும் அவர்களே.
• கருவுற்ற பெண்கள்: புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு தாயின் இரத்தத்தின் வழியே கருவிலுள்ள குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜனைக் குறைக்கும்.
• தூய்மைப் பணியாளர்கள்: மாநகரமே வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில் தெருவில் பணியாற்றுபவர்கள். விடிந்ததும் கண்ணாடித் துண்டும் டயர்க் கம்பியும் கலந்த சூடான சாம்பலை அள்ளும் பொறுப்பும் அவர்களுடையதே.

எரிக்காமல் கழிப்பது எப்படி?

சென்னை மாநகராட்சி அண்மைய ஆண்டுகளில், போகிக்கு முந்தைய நாள்களிலேயே பழைய பொருள்களை எரிக்காமல் தூய்மைப் பணியாளர்களிடம் தனியே ஒப்படைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டு வருகிறது. ஐயங்களுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணைத் தொடர்பு கொள்ளலாம். பொருள்களை முன்கூட்டியே பின்வருமாறு பிரித்து வையுங்கள்.

• உடுத்தத்தக்க துணிகள்: துவைத்து மடித்துத் தேவைப்படுவோர்க்கு அளிக்கலாம்.
• நைந்த பருத்தித் துணி: தரை துடைக்கவும் வாகனம் துடைக்கவும் பயன்படும்.
• பிளாஸ்டிக் பாய், ரெக்சின் பை, தட்டுமுட்டுப் பொருள்கள்: உலர் குப்பையாகத் தனியே ஒப்படைக்கவும்.
• டயர், டியூப்: வாகனப் பழுது பார்க்கும் கடையிலேயே விட்டுவிடவும். மாடியிலோ வாசலிலோ சேர்த்து வைத்தால் மழைநீர் தேங்கி டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இடமாகும்.
• மெத்தை, கட்டில், பெரிய மரச்சாமான்: அகற்றும் வழிமுறையை 1913 எண்ணில் கேட்டறியவும்.
• மின்கலம், குழல்விளக்கு, காலாவதியான மருந்து, வண்ணப்பூச்சு டப்பா: வீட்டுத் தீங்குக் கழிவாகத் தனியே தரவும். நெருப்பில் இட்டால் வெடிக்கக்கூடியவை இவற்றில் உண்டு.
• கோரைப்பாய், துடைப்பம், ஓலை: நறுக்கித் தோட்டத்து மண்ணில் இட்டால் மட்கி உரமாகும்.

சடங்கைக் கைவிட மனமில்லாதவர்கள், வாசலில் கோலமிட்டு விளக்கேற்றி வழிபடலாம். போகி மேளத்திற்கும் நெருப்புக்கும் தொடர்பில்லை. குழந்தைகள் புகையில்லாத இடத்தில் கொட்டி மகிழலாம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ, மாவிலை ஆகியவற்றைச் சேர்த்து வாசலில் காப்புக் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இந்நாளில் உள்ளது. அதில் துளியும் புகையில்லை.

திறந்தவெளியில் குப்பை எரிப்பது சட்டப்படியும் குற்றமாகும். தெருக்களிலும் பொது இடங்களிலும் கழிவை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. அதே ஆண்டு திசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சிறிய அளவில் எரிப்பவர்களுக்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரிப்பவர்களுக்கு 25,000 ரூபாயும் இழப்பீடாக விதிக்க ஆணையிட்டது.

அண்டை வீட்டாரிடம் சட்டத்தைச் சுட்டிக்காட்டுவதைவிட, "எங்கள் வீட்டில் இழைப்பு நோயாளி இருக்கிறார்" என்று ஒரு வாரத்திற்கு முன்னரே கூறுவது பயனளிக்கும். குடியிருப்போர் நலச் சங்கங்கள், தங்கள் தெருவில் இத்தகைய நோயாளிகள் இருப்பதைப் பெயர் குறிப்பிடாமல் அறிவிப்புப் பலகையில் தெரிவிக்கலாம். தம் நெருப்பு யாரைச் சென்றடைகிறது என்பதை அறிந்த பின்னரும் டயரைப் பற்றவைப்பவர் அரிது.

சாம்பல் எங்கே செல்கிறது?

நெருப்பு அணைந்த பின் எஞ்சும் சாம்பலைப் பலர் நீர் ஊற்றி மழைநீர் வடிகாலில் தள்ளிவிடுகின்றனர். வேளச்சேரியின் வடிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்வது. 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பன்னாட்டுச் சிறப்புடைய நீர்நிலம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து நீர் கடலை அடைகிறது. சாம்பலிலுள்ள ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் சேற்றில் தங்கிவிடும். சனவரி என்பது வலசைப் பறவைகள் அச்சதுப்பில் இரை தேடும் காலமுமாகும். மேலும், எரியாத கம்பியும் உருகிய பிளாஸ்டிக்கும் வடிகாலை அடைத்தால் அடுத்த மழையில் நீர் தேங்குவது நம் தெருவில்தான். சாம்பல் முற்றிலும் ஆறிய பின், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, பையில் கட்டித் தனியே ஒப்படையுங்கள்.

போகியன்று உங்களைக் காத்துக்கொள்ள

முதல் நாள்:
• இன்ஹேலரில் மருந்து உள்ளதா என்று பார்க்கவும். தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தை நிறுத்தக் கூடாது.
• பொங்கல் விடுமுறை தொடர்ந்து வருவதால், இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் மாத்திரைகளை ஒரு வாரத்திற்கு இருப்பு வைத்துக்கொள்ளவும்.
• துவைத்த துணிகளை இரவில் வெளியே விட வேண்டாம்.

அதிகாலையில்:
• தெருப்பக்கக் கதவு, சன்னல்களை மூடவும். கதவின் அடி இடைவெளியில் ஈரத்துணி வைக்கவும்.
• வீட்டுக்குள் கொசுவத்தி, ஊதுவத்தி, சாம்பிராணி ஆகியவற்றை அந்நேரத்தில் ஏற்ற வேண்டாம். மூடிய வீட்டில் அவற்றின் புகையும் சேர்ந்துவிடும்.
• அடுப்பு எரியும் சமையலறையில் மட்டும் காற்றுப் போக்கு இருக்கட்டும்.
• நடைப்பயிற்சியையும் ஓட்டத்தையும் வெயில் ஏறிப் புகை விலகும் வரை தள்ளிப்போடவும்.
• வெளியே சென்றே ஆக வேண்டியவர்கள் முகத்தோடு நன்கு பொருந்தும் என்95 கவசம் அணியவும். துணிக் கவசமும் கைக்குட்டையும் நுண்துகளைத் தடுக்காது. என்95 கவசமும் வாயுக்களைத் தடுப்பதில்லை.

புகை விலகிய பின்:
• சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடவும். தரையை ஈரத்துணியால் துடைக்கவும். உலர் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மீண்டும் எழும்.
• முகத்தையும் கண்களையும் நல்ல நீரால் கழுவவும். கண்ணைக் கசக்க வேண்டாம்.

மூச்சுத் திணறல் ஏற்பட்டால்

ஆஸ்துமா நோயாளியைப் புகையிலிருந்து அகற்றி, படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்காரச் செய்யவும். மருத்துவர் ஏற்கெனவே பரிந்துரைத்த சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் வழியே, ஒவ்வொரு முறையாக நான்கு முறை அழுத்தித் தரவும். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பின்னும் நான்கு முதல் ஆறு மூச்சுகள் எடுக்கட்டும். நான்கு நிமிடம் காத்திருந்து, குறையாவிட்டால் மீண்டும் நான்கு முறை தரவும். அதன் பின்னரும் குறையாவிட்டால் 108 எண்ணை அழைத்து, ஊர்தி வரும் வரை இதனைத் தொடரவும்.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

• ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குதல்
• உதடு அல்லது நகம் நீலம் பூத்தல்
• மார்பு வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், குழப்பம்
• குழந்தை மூச்சு விடும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளிழுக்கப்படுதல், பால் குடிக்க மறுத்தல்
• குழந்தையின் மூச்சு எண்ணிக்கை மிகுதல்: இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல்

அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் சிகிச்சை பெறலாம். கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்திலுள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை ஆகியவை வேளச்சேரிக்கு எட்டும் தொலைவில் உள்ள அரசு மருத்துவமனைகளாகும். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

தீபாவளிக்கும் இவை பொருந்துமா?

பொருந்தும். பட்டாசுப் புகையில் நுண்துகளும் கந்தக டை ஆக்சைடும் மிகுந்திருக்கும். பச்சை நிறத்திற்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்திற்குச் செம்பு என நிறத்திற்கொரு உலோகம் சேர்க்கப்படுகிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பேரியம் கலந்த பட்டாசுகளையும் சரவெடிகளையும் தடை செய்து, பட்டாசு வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாக வரையறுத்தது. தமிழ்நாட்டின் விடியற்காலை வழக்கத்தைக் கருதி, அவ்விரண்டு மணி நேரத்தை மாநில அரசே பிரித்துக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. அவ்வாறே காலை 6 முதல் 7 மணி வரையும் இரவு 7 முதல் 8 மணி வரையும் என அரசு அறிவித்தது. பசுமைப் பட்டாசுகள் வழக்கமான பட்டாசுகளைவிட நுண்துகளை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்க வடிவமைக்கப்பட்டவை. எஞ்சிய 70 விழுக்காடு அப்படியே உள்ளது என்பதையும் நினைவில் கொள்ளவும். மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாகும்; அங்கு வெடிக்கக் கூடாது.

தீக்காயம் நேர்ந்தால் குழாய் நீரை 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றவும். மை, பற்பசை, மாவு, பனிக்கட்டி எதையும் வைக்க வேண்டாம். கண்ணில் காயம்பட்டால் தேய்க்காமல், அழுத்தம் கொடுக்காமல் மூடி, உடனே கண் மருத்துவரிடம் செல்லவும். இவ்வறிவுரைகள் போகி நெருப்புக்கும் பொருந்தும்.

அடிக்கடி கேட்கப்படும் ஐயங்கள்

ஆண்டுக்கு ஒரு நாள் புகையால் என்ன ஆகிவிடும்?
நலமுள்ளவருக்கு இருமலும் கண்ணெரிச்சலும் ஓரிரு நாளில் தீரலாம். நுரையீரல் நலிந்தவருக்கு அந்த ஒரு நாளே மருத்துவமனைச் சேர்க்கையாக முடியலாம். தெருவில் இருவரும் வசிக்கின்றனர்.

வாகனப் புகை நாள்தோறும் உள்ளதே, போகியை மட்டும் ஏன் குறிப்பிட வேண்டும்?
வாகனப் புகையும் தீங்கானதே; அதனைக் குறைக்க நெடுங்காலத் திட்டங்கள் தேவை. போகிப் புகையை ஒரு தெருவினர் கூடிப் பேசி ஒரே மாலையில் தவிர்த்துவிட முடியும்.

புகை கொசுவை விரட்டும் என்கிறார்களே?
சற்று நேரம் விலக்கலாம். கொசு பெருகுவதைப் புகை தடுப்பதில்லை. தேங்கிய நீரை அகற்றுவதே வழி.

போகியின் பொருள் வீட்டைத் தூய்மையாக்குவது. நம் வீட்டின் பழையவை அடுத்த வீட்டாரின் மூச்சில் சென்று சேருமானால் அத்தூய்மை நிறைவடையாது. இவ்வாண்டு உங்கள் தெருவில் ஒரு டயர் எரியாமல் தடுத்தீர்கள் என்றால், உங்களுக்குப் பெயர் தெரியாத ஒருவர் பொங்கலன்று மருத்துவமனையில் அல்லாமல் தம் வீட்டில் பொங்கல் பானையின் அருகே இருப்பார்.

அவசர ஊர்தி: 108 | மருத்துவ ஆலோசனை: 104 | சென்னை மாநகராட்சி: 1913

இக்கட்டுரை பொது விழிப்புணர்வுக்கானது. தனிப்பட்ட சிகிச்சைக்கு உங்கள் மருத்துவரை அணுகவும்.